பெட்டிக்குள் என்ன சார்?

மருந்துக்கடை கவுன்ட்டரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வருவார். சீட்டை நீட்ட மாட்டார். பக்கத்தில் அடுக்கியிருக்கும் குளூக்கோஸ் டப்பாவின் விலையைப் படிப்பார். இருமல் மிட்டாய் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு நகரும்வரை காத்திருந்துவிட்டு, கடைக்காரர் பக்கம் குனிந்து ஏதோ சொல்வார். கடைக்காரரும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய், பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் ஒரு கறுப்பு கவரும் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையில் வேறு எந்தப் பொருளுக்கும் கறுப்பு கவர் கிடையாது. கவரைப் பார்த்த உடனேயே, உள்ளே இருப்பது என்ன என்று அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். வாங்குபவர் இளைஞன் என்றால் ஒரு பொருள். பெண் என்றால் இன்னொரு பொருள். எழுபதைத் தாண்டியவர் என்றால் மூன்றாவது பொருள்.

நான் சொல்ல வந்தது அந்த மூன்றாவதைப் பற்றி. பெரியவர்களுக்கான டயப்பர்.

ஐந்து வருடம் மாதாமாதம் அதை வாங்கியிருக்கிறேன். என் அப்பாவுக்காக. இதைப் பற்றி எழுதட்டுமா என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எழுது. நான் போனப்புறம்" என்றார்.

2024 ஆடியில் போனார். அதற்குப் பிறகு ஒரு ஆடியும் கடந்துவிட்டது. எழுதலாம் என்று நினைக்கிறேன்.

* * *

2019-ல் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். சாயங்கால வாக்கிங் நின்றது. பார்க் பெஞ்சில் தினமும் நான்கு பேர் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவார்கள். அதில் ஒரு இடம் காலியானது. கல்யாணப் பத்திரிகை வந்தால், "உங்கம்மாவ அழைச்சிட்டுப் போயிட்டு வா" என்றார். நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. காபி மட்டும் விதிவிலக்கு. அதை நிறுத்த எமனால் மட்டுமே முடியும் என்பார்.

வீட்டில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. 'டிப்ரஷன்' என்றேன் நான். பத்திரிகைக்காரன் இல்லையா, எதற்கும் ஒரு தலைப்பு வேண்டும். அக்கா போனிலேயே, "பிடிவாதம். அது உங்க வம்சத்துக்கே உண்டு" என்று தீர்ப்பு சொன்னாள், தானும் அந்த வம்சம்தான் என்பதை மறந்து. உண்மை தெரிந்த ஒரே ஆள் அம்மா. விடியற்காலை நாலரை மணிக்கு பாத்ரூமில் வேட்டி அலசும் சத்தம் கேட்கும். மடி, ஆசாரம் என்று ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் சர்க்கரை டெஸ்ட்டுக்கு அப்பாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். பத்து ரூபாய்க்காக ஆட்டோக்காரருடன் கால் மணி நேரம் வாதாடக்கூடியவர் அவர். அன்றைக்கு இறங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மீட்டருக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்து, "தம்பி, மன்னிச்சிடுப்பா" என்றார். கையிலிருந்த துணிப்பையைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "பரவால்ல சார். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு" என்றார். அவர் சொன்ன அந்த நாலு வார்த்தையை அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஐந்து வருடமும் வரவில்லை.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம்கூட அதிர்ச்சி அடையவில்லை. சர்க்கரை, ப்ராஸ்டேட், வயசு, மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் என்றார். நீரைப் பிரிக்கும் பி.பி. மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தார் அப்பா. அதைக் காலைக்கு மாற்றினார். தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்பது தப்புக்கணக்கு, சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும், கிருமித் தொற்றும் வரும் என்று விளக்கினார். முக்கால்வாசி சரியானது. பாக்கி கால்வாசிக்குத்தான் டயப்பர். ஒரு மாத்திரையின் நேரத்தை மாற்றுவதற்காகப் பத்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்திருக்கிறார் மனிதர்.

* * *

கடையில் வாங்க அப்பா சம்மதிக்கவில்லை. நான் போய் வாங்கினாலும் சம்மதமில்லை. "கடைக்காரனுக்கு உன்னையும் தெரியும், என்னையும் தெரியும். உனக்கு இந்த வயசுலயானு கேக்க மாட்டான். எனக்குத்தான்னு புரிஞ்சுப்பான்."

ஆகவே ஆன்லைன். இடுப்பளவை இன்ச் டேப்பால் அளந்து, எம்மா எல்லா என்று பார்த்து, பேன்ட் மாதிரி இழுத்துப் போட்டுக்கொள்வதா, பக்கவாட்டில் ஒட்டுவதா என்று தீர்மானித்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு பிரவுன் அட்டைப்பெட்டி வந்தது. மேலே என் பெயர், விலாசம். அவ்வளவுதான்.

நான் படித்தது பி.காம். மார்க்கெட்டிங் பேப்பரில் பேக்கிங் பற்றி ஒரு கேள்வி நிச்சயம் உண்டு. 'பெட்டி என்பது மௌன விற்பனையாளன்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினால் பத்து மார்க். கலர் எப்படி இருக்க வேண்டும், பெயர் எத்தனை அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். தன் பெயர் வெளியே தெரியாது என்று சத்தியம் செய்வதாலேயே விற்கும் சரக்கைப் பற்றி எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

புது யுக்தி ஒன்றும் இல்லை இது. 1928-ல் அமெரிக்காவில் 'மோடஸ்' என்ற சானிடரி நாப்கினை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன், பத்திரிகை விளம்பரத்திலேயே ஒரு சின்னக் கூப்பனை அச்சடித்தது. பெண்கள் அதை வெட்டி எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் நீட்டினால் போதும். வாயைத் திறக்க வேண்டாம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'மௌனக் கொள்முதல் கூப்பன்' என்கிற அர்த்தத்தில்தான். அதே அமெரிக்காவில் 1980-களில் ஜூன் அலிசன் என்ற பழைய ஹாலிவுட் நடிகை டி.வி.யில் வந்து பெரியவர்களின் டயப்பரைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார். ஜப்பானில் ஓஜி குழுமம் 2024 மார்ச்சில், உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இனி பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் செலுத்துமாம். வாங்க ஆள் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இங்கேயும் அந்தப் பக்கம் ஆள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2011 சென்சஸிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். ஆனால் கடையில் பாருங்கள். கொழுகொழு குழந்தைப் படம் போட்ட பாக்கெட் வாசலில் தொங்கும். பெரியவர்களுடையது உள்ளே, ஏணி போட்டு ஏறும் பரணில்.

* * *

பெட்டி வர ஆரம்பித்த பிறகு அப்பா மறுபடியும் பார்க் பெஞ்சுக்குப் போனார். நாடு மறுபடியும் திருந்த ஆரம்பித்தது. அதனால் அந்த பிரவுன் பெட்டியை நான் கேலி செய்ய மாட்டேன். ஒருமுறை எங்கோ கணக்குத் தவறி, வெளிப்பெட்டி இல்லாமல், நரைத்த தம்பதி சிரிக்கும் படத்தோடு பாக்கெட் அப்படியே வந்துவிட்டது. கொண்டுவந்த பையன் கேட்டிலிருந்து மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "சார், டயப்பர் வந்திருக்கு! ஓ.டி.பி. சொல்லுங்க!" என்றான். அவன் மேல் தப்பில்லை. இருபது வயது, ஒரு நாளைக்கு எத்தனை படியேறுகிறானோ. அப்பா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

"இதுல வெட்கப்பட என்னப்பா இருக்கு?" என்று அப்போது கேட்டேன். முற்போக்காகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு. அப்பா நிமிர்ந்து பார்த்து, "போட்டுக்கறவன் நானு. தைரியசாலி நீயா?" என்றார்.

சரியான கேள்வி. அடுத்தவர் செலவில் தைரியமாக இருப்பது எல்லாருக்கும் சுலபம்.

ஆனாலும் எனக்கு ஒரு இடத்தில் நெருடியது. மாதாமாதம் அவ்வளவு பெரிய பெட்டி வந்தால் அபார்ட்மென்ட்டில் கேட்காமல் இருப்பார்களா? "பெட்டிக்குள் என்ன சார்?" என்று வாட்ச்மேன் கேட்டார். "புஸ்தகம்ப்பா. பையன் பத்திரிகைல இருக்கான் இல்ல, விமர்சனத்துக்கு அனுப்பறாங்க" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். மூன்றாம் மாடியில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி. (மாடியின் எண்ணை மாற்றியிருக்கிறேன்.) அவர் காதில் இது விழுந்து, "நமக்கும் ஒண்ணு ரெண்டு குடுங்க சார், படிச்சிட்டுத் தரேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டி வந்த மறுநாளும் என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் மாடியேறியது. ஒழுங்காகத் திரும்பியும் வந்தது. நான் இரவல் கொடுத்து ஒழுங்காகத் திரும்பிய புத்தகங்கள் அவை மட்டும்தான்.

அப்பா போனபின் அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்தேன். பால், பேப்பர், கேபிள் என்று மணிமணியான கையெழுத்தில் வரிசையாக இருந்தது. நடுவே, 'புத்தகம் – 2,340'. மாதாமாதம். பாக்கெட் 390 வீதம் ஆறு பாக்கெட். யாருக்கும் காட்டாத, தான் மட்டுமே பார்க்கிற நோட்டு அது!

பாத்ரூமுக்குப் போனால் எல்லாரும் கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியும். தெரியும் என்பது நமக்கும் தெரியும். அதில் பொய் எதுவும் இல்லை. அந்தரங்கம் என்றால் அதுதான். ரகசியம் வேறு சாதி. கதவு என்று ஒன்று இருப்பதையே மறைத்து அங்கே சுவர்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த பிரவுன் பெட்டி கதவா, சுவரா? எனக்கு இன்னமும் குழப்பம்தான். கதவாகத்தான் வந்தது. எங்கள் வீட்டில் அது எப்போது சுவரானது என்று தெரியவில்லை.

'மானம் போச்சு' என்பார் அப்பா. திருக்குறளில் மானத்துக்கு ஒரு அதிகாரம், நாணுடைமைக்கு வேறொரு அதிகாரம். ஒரு முடி போனாலும் உயிர் வாழாத கவரிமா வருவது மானத்தில். நாணத்தைப் பேசும்போது வள்ளுவர் முதல் குறளிலேயே அதைச் செய்யும் செயலோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார். செய்யத்தகாததைச் செய்தால் வெட்கப்படு. சரி, தசை தளர்ந்து போனது யார் செய்த செயல்? அப்பாவிடம் இந்த வாதத்தை வைத்தேன். தமிழாசிரியர்களுக்கே பாடம் எடுக்கக்கூடியவர், "வள்ளுவருக்கு சர்க்கரை வியாதி இருந்துச்சானு பாத்து சொல்லு" என்றார்.

* * *

இந்தக் கதையில் அம்மாவை மறந்துவிட்டேன் பாருங்கள். எல்லாரும் மறப்பார்கள்.

ஒரு மாதம் பெட்டியைப் பிரித்து பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இதுல சின்ன சைஸ் வருமா?" என்று கேட்டாள். யாருக்கும்மா என்றேன். அடுக்குவதை நிறுத்தாமல், "எனக்குத்தான். இருமினா, தும்மினா கொஞ்சம் ஆயிடும். உன்னப் பெத்ததிலேர்ந்து" என்றாள்.

நாற்பது வருடம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் ஏன் தண்ணீர் பாட்டிலைத் தொட்டதில்லை, வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடத்தில் ஏன் சட்டென்று உட்கார்ந்துகொள்வாள் என்பதெல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது. பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சியால் இறுக்கலாம் என்று அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, பிடித்து, விட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். காசு கிடையாது, பெட்டி கிடையாது, கூரியர் கிடையாது. கெகல் எழுதியதற்கும் அம்மா பிரசவித்ததற்கும் நடுவே முப்பது வருடம். அந்தச் செய்தி அவளிடம் வந்துசேரவில்லை. கேட்டால்தானே யாராவது சொல்வார்கள்? அப்பாவின் வேட்டியை நாலரை மணிக்கு அலசியவள், தன்னுடையதை அதற்கும் முன்னால் அலசியிருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"சீ" என்றாள்.

ஒரே கட்டிலில் இரண்டு பேர், ஒரே வியாதி, ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு.

* * *

இன்னொரு ஆளும் இருக்கிறார். பெட்டி உள்ளே வரும்போதுதான் பிரவுன் கலர். வெளியே போகும்போது? 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர்களே ஒவ்வொன்றையும் சுற்றிப்போட உறை தர வேண்டும், நாமும் நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றன. எத்தனை வீட்டில் செய்தோம்? காலையில் வண்டியோடு வரும் அம்மாவுக்கு எந்த மாடியில் யாருக்கு என்ன என்பது எப்போதோ தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாம் அவரிடமிருந்து எதையும் மறைக்காததற்குக் காரணம் நம்பிக்கை இல்லை. அவரை ஒரு ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை. அப்பாவுக்கு இது உறைத்தது ஒரு நல்ல விஷயம். கடைசி இரண்டு வருடம் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டித்தான் கொடுத்தார். தீபாவளிக்கு அந்த அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார், எங்களிடம் காரணம் சொல்லாமல்.

இப்போது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயது. தாத்தா பின்கட்டு அறையில், கயிற்றுக் கட்டிலில். அப்போது டயப்பர் ஏது? ரப்பர் ஷீட்டும் பழைய புடவையும்தான். அந்த அறையைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, 'ம்ம்ம்' என்று ரயில் மாதிரி சத்தம் போட்டபடி ஓடுவேன். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிப்பதற்காகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ரயில் ஓடும். ஒருநாள் அப்படி ஓடியபோது கொல்லையில் அப்பா நின்றிருந்தார். கையில் வாளி, தாத்தாவின் துணி. என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

வாட்ச்மேனுக்காகவும் கடைக்காரருக்காகவும்தான் அப்பா மறைக்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

* * *

கடைசிப் பெட்டி, அப்பா போன மூன்றாம் நாள் வந்தது. முன்பே போட்ட ஆர்டர். ரத்து செய்ய யாருக்கு நினைவிருந்தது? ஆறு பாக்கெட், எல் சைஸ், பிரிக்காதது. 2025 செப்டம்பர் 22-லிருந்து இதற்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் மாதத்துக்கு 146 ரூபாய் மிச்சம் என்று பைசா சுத்தமாகச் சொல்லியிருப்பார். அதையும் 'புத்தகம்' கணக்கில்தான் எழுதியிருப்பார்.

யாருக்காவது கொடுக்கலாம் என்றாள் அம்மா. யாருக்கு? பழைய சட்டை என்றால் கேட்டுவிடலாம். வீல்சேர் என்றால்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம். இதை எப்படிக் கேட்பது? "உங்களுக்கு வேணுமா?" என்ற கேள்வியே ஒரு குற்றச்சாட்டு மாதிரி இருக்கிறது. மூன்றாம் மாடிக்காரர் இரண்டு மாதமாகக் கீழே வருவதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர் நின்றுகொண்டே பேசினார். எவ்வளவு சொல்லியும் சோபாவில் உட்காரவில்லை. காபியை வேண்டாம் என்றார். தண்ணீரையும் வேண்டாம் என்றார்.

நாலு நாள் யோசித்தேன். என் ஊகம் தப்பாக இருந்தால் அந்த மனிதரின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? சரியாக இருந்தால் மட்டும் எப்படி விழிப்பது? கடைசியில் பாக்கெட்டுகளை அதே பிரவுன் பெட்டியில் திரும்ப வைத்தேன். டாக்டரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, டேப் ஒட்டினேன். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் வீட்டு பெல்லை அடித்தேன். கதவு அரையாகத் திறந்தது.

"அப்பா உங்களுக்குன்னு எடுத்து வெச்ச புஸ்தகம் சார்" என்றேன். நானும் பொய்தான் சொன்னேன். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். கதவு மூடியது.

பத்து நாள் கழித்து லிஃப்ட்டில் பார்த்தேன். வாக்கிங் ஷூ போட்டிருந்தார். எங்களோடு முதல் மாடிப் பெண்மணியும் இருந்தார். மூன்று பேரும் மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே வந்து கதவு திறந்தது. அந்தப் பெண்மணி வெளியேறும்வரை பொறுத்திருந்துவிட்டு, என் பக்கம் லேசாகக் குனிந்து சொன்னார்:

"புஸ்தகம் கிடைச்சுது தம்பி. அளவு சரியா இருக்கு."